வாடகை வீடா? எழுத்தில் இருக்கிறதா?



போன மாதக் கூட்டத்துக்கு ஒரு உறுப்பினர் அழுதுகொண்டே வந்தார். பேரூராட்சியில் வாடகை வீடு. 2,500 ரூபாய். "அடுத்த மாசம் 4,000 குடு, இல்லேன்னா காலி பண்ணு" என்று சொல்லி வீட்டுக்காரர் கரண்டையும் நிறுத்திவிட்டார். ஒப்பந்தம் எங்கே என்று கேட்டேன். "வாய்ப்பேச்சுதாங்க மேடம்."

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அதில் எழுதியபடிதான் வாடகையை ஏற்றலாம். காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். தண்ணீர், கரண்டை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாக வைத்து வீட்டுக்காரர் வழக்குப் போடவும் இதே சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலும் அப்படித்தான். அதனால் ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். அதற்கு மேல் எழுதியிருந்தால் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஒரு விஷயம், இந்தச் சட்டம் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்குத்தான். கிராம ஊராட்சியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

அந்த உறுப்பினருடன் நாலு பேர் போய்ப் பேசினோம். கரண்ட் வந்துவிட்டது. ஒப்பந்தம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.