கருப்பை வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் சிறுநீர்ப்பை நரம்புகளும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், "கட்டி முழுவதையும் எடுத்துவிடலாமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அவசியமான கேள்விதான். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா?"

கருப்பைக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு?

கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இவற்றுக்கான நரம்புகள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. கீழ் முதுகின் முன்புறத்திலிருந்து வலமும் இடமுமாக இறங்கும் நரம்புகள், சிறுநீர் நிறையும்வரை பையைத் தளர்த்தி வைக்கின்றன. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள், கழிப்பறைக்குச் சென்றதும் பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றுகின்றன. மருத்துவ நூல்களில் இவற்றுக்கு நீண்ட பெயர்கள் உண்டு. அவை உங்களுக்குத் தேவையில்லை. இரண்டும் கருப்பை வாயின் இரு பக்கங்களிலும் வலைபோல் பின்னிக்கொள்கின்றன என்பதுதான் முக்கியம்.

ஆரம்பநிலைப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் விரிவான அறுவை சிகிச்சையில் கருப்பையோடு, அதன் பக்கவாட்டுத் திசுவும் பெண்ணுறுப்பின் மேல்பகுதியும் எடுக்கப்படுகின்றன. அந்த வலை இருப்பது இந்தத் திசுவை ஒட்டித்தான். வெட்டுப்பட்டால் மட்டுமல்ல, இழுபட்டாலும் சூடு பட்டாலும் நரம்பு பாதிக்கப்படும்.

ஜப்பானிய மருத்துவர் கோபயாஷி, நரம்புகளைத் தனியே பிரித்து ஒதுக்கிவிட்டு அறுவை சிகிச்சை செய்யும் முறையை 1961ல் விவரித்தார். இன்று பல நாடுகளில் அம்முறை பின்பற்றப்படுகிறது. ஆனாலும் எல்லாருக்கும் அது பொருந்தாது. கட்டி நரம்பை நெருங்கியிருந்தால், நரம்பைவிடப் புற்றுநோயை முழுமையாக அகற்றுவதே முதன்மையானது. சிலருக்கு ஒரு பக்க நரம்புகளையாவது காப்பாற்ற முடியும். அதுவும் பயன் தரும். கட்டி 2 செண்டிமீட்டருக்கு மேற்படாமல், ஆழமாகப் பரவாமலும் இருந்தால், பக்கவாட்டுத் திசுவை எடுக்காத எளிய அறுவை சிகிச்சையே சிலருக்குப் போதும் என்று 2024ல் வெளியான ஆய்வு காட்டியது. கருப்பையின் உட்புறத்தில் தோன்றும் புற்றுநோய்க்கும் பெரும்பாலும் எளிய முறையே கையாளப்படுகிறது. உங்களுக்கு எந்த முறை, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு

சில நாள்களுக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பார்கள். குழாயை எடுத்தபின், நீங்கள் சிறுநீர் கழித்து வந்ததும் தாதி அடிவயிற்றில் ஸ்கேன் செய்து, பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார். வலியில்லாத சோதனை. மிச்சம் அதிகமென்றால் மீண்டும் குழாய் தேவைப்படலாம். அல்லது நீங்களே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுத்தருவார்கள். நரம்பு அறுபடாமல் அதிர்ச்சி மட்டும் அடைந்திருந்தால், வாரங்களிலோ மாதங்களிலோ தேறலாம்.

வீடு திரும்பியபின்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே சிறுநீர் கசிகிறது. "வயதானால் அப்படித்தான்" என்று நினைத்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பை காலியாகாமல் நிரம்பி வழிவதாலும் கசிவு ஏற்படும். அப்படியிருக்கும்போது இடுப்புத்தளப் பயிற்சி மட்டும் போதாது. முதலில் மிச்சச் சிறுநீரை அளக்கவேண்டும். தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். நிறைந்த உணர்வே இல்லையென்றால், மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கழிப்பறைக்குச் செல்லுங்கள். முக்கிக் கழிக்காதீர்கள்.

மலச்சிக்கல், பெண்ணுறுப்பில் வறட்சி, தாம்பத்திய உறவில் வலி ஆகியவற்றுக்கும் இதே நரம்புகள் காரணமாக இருக்கலாம். மகனையோ மருமகளையோ வைத்துக்கொண்டு இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று சொல்லுங்கள். தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

காய்ச்சல், இடுப்பின் பின்புற வலி, சிறுநீரில் எரிச்சல் அல்லது இரத்தம் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிவயிறு உப்பி வலித்தும் சிறுநீர் வரவே இல்லையென்றால், விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.