காலைக் காப்பாற்ற பீடியை விடணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. வலது கால் விரல் கறுத்துவிட்டது. ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்தால் கால் தப்புமா?
- வாசகர், உத்திரமேரூர்

பதில்: தப்பலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பதில் டாக்டரின் கத்திக்குப் பாதிப் பங்குதான். மீதி அப்பாவின் உடம்பிலும் பழக்கத்திலும் இருக்கிறது.

காலில் அடைத்த ரத்தக்குழாய் இதயத்திலும் அடைத்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு உயிருக்கு வரும் ஆபத்தில் மாரடைப்பு முக்கியமானது. அதனால்தான் ஈசிஜி, எக்கோ, கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எல்லாம் கேட்கிறார்கள். அலைக்கழிப்பதாக நினைக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புண் ஆறுவதும் கடினம்.

பீடி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். காலில் ரத்தத்துக்குப் புதுவழி போடும் பைபாஸ் செய்த பிறகும் புகைப்பவர்களுக்கு அந்தப் புதுவழி அடைத்துப்போகும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 'ஒண்ணே ஒண்ணு' என்ற பேச்சே வேண்டாம்.

இரவில் வலி தாங்காமல் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாரா? ரத்தம் போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இதமாக இருக்குமென்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரையால் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் மிஞ்சும். அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு இறங்கவும் விடாதீர்கள். நெல் தாள் குத்தினால் போதும்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்குத் தனித்துறையே இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே அப்பாவை அழைத்துப் போங்கள்.