ஆறிய சம்பலில் வாய் எரிவது ஏன்?

நாசி லெமாக்கில் சம்பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், "வாய் எரியுது டீச்சர்!" என்று தண்ணீர்ப் போத்தலைத் தேடுவீர்கள். சம்பலோ ஆறிப்போயிருக்கும். பிறகு எரிவது எது?

அறுசுவையில் காரமும் ஒன்று என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோம். அறிவியல் பாடத்தில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஒருமுறை சிலி பாடி நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டு வெகுநேரம் தவித்தேன். கண்ணில் சுவை அரும்பு ஏது? ஆனாலும் எரிந்ததே!

தோல், நாக்கு, கண் ஆகியவற்றில் உள்ள மெல்லிய நரம்பு முனைகளில், புரதத்தால் ஆன நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. இவையே உணர்வேற்பிகள். அவற்றுள் ஒன்றான டிஆர்பிவி1, வெப்பநிலை ஏறத்தாழ 43 பாகை செல்சியசைத் தாண்டினால் திறந்துகொள்ளும். உடனே சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பில் மின்துடிப்பு எழும். "சுடுகிறது" என்று மூளை அறியும். மிளகாயில் உள்ள கேப்சைசின் இதே கதவில் ஒட்டிக்கொண்டு, சாதாரண உடல் வெப்பத்திலேயே அதைத் திறந்துவிடுகிறது. மூளைக்கு வந்து சேர்வது துடிப்பு மட்டுமே. கதவைத் திறந்தது நெருப்பா, மிளகாயா என்று அதற்குத் தெரியாது. உறைப்போடு சூடாகத் தே தாரேக் குடித்தால் எரிச்சல் கூடுவதும் இதனால்தான். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. குளிர்ந்த பால் குடித்துப் பாருங்கள்.

இந்தக் கதவை 1997இல் கண்டறிந்தது அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு. தைலத்தில் உள்ள மெந்தால், குளிர்ச்சிக்கான வேறொரு கதவைத் திறக்கிறது. தொடுதலுக்கான கதவை 2010இல் ஆர்டெம் பட்டபூட்டியான் குழு கண்டுபிடித்தது. குத்தினால் மின்துடிப்புத் தரும் உயிரணுக்களை எடுத்து, 72 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து தேடினார்கள். எவ்வளவு பொறுமை! 2021இல் இருவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சரி, செய்தியே வராவிட்டால்? நம் வீடுகளில் இனிப்புநீர் என்கிறோமே, அந்த நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகளைச் சிதைக்கும். பெரும்பாலும் முதலில் கெடுபவை நீளமானவை, அதாவது பாதத்திற்குச் செல்பவை. சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தாலும் தாத்தாவுக்குச் சுடாது. செருப்புக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகே கவனிப்பார். சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வருகிறது.

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் இன்றே ஒரு சிறு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதை உணர்ந்தால் வலமா இடமா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணராவிட்டால், அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று பாதத்தைக் காட்டுங்கள்.