எந்த ஆண்டின் அலி? எந்த எடையின் டுரான்?

அலியா, டைசனா என்று யாராவது கேட்டால், எந்த அலி என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தவரும், 1975-ல் மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு பதினான்கு ரவுண்டு உயிரைக் கொடுத்து மோதியவரும், 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸின் அடியைப் பத்து ரவுண்டு வாங்கிவிட்டு ஸ்டூலிலிருந்து எழாமல் போனவரும் அதே முகம்மது அலிதான். ஆனால் மூன்றும் வேறு வேறு உடம்பு. டைசனும் அப்படியே. 1988-ல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்த மைக் டைசனையும், 2002-ல் லெனாக்ஸ் லூயிஸிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்த டைசனையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

நடக்காத சண்டைகளைப் பற்றி வாதிடுவது வீண்பேச்சு என்று நான் நினைக்கவில்லை. காலம், எடை, ஒப்பந்தத் தகராறு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து, மோத வேண்டியவர்களை மோதவிடாமல் செய்த விளையாட்டு இது. அந்தக் குறையை ரசிகர்களின் பேச்சுதான் ஈடு செய்கிறது. பேச்சு நேர்மையாக இருக்க வேண்டுமானால் ஆண்டு, எடை, விதி மூன்றையும் முதலிலேயே மேஜைமேல் வைத்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெயரோடு ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலியின் கால்கள் மிக வேகமாக இருந்தது 1964 முதல் 1967 வரை. ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிபோனபோது அவருக்கு வயது 25. மூன்றரை ஆண்டுக்கு மேல் ரிங்கில் கால் வைக்க முடியவில்லை. 1970 அக்டோபரில் ஜெர்ரி குவாரியோடு அட்லாண்டாவில் திரும்பி வந்தவர், தள்ளி நின்று குத்தைத் தவிர்க்கும் பழைய ஆட்டக்காரர் அல்ல. குத்தை வாங்கித் தாங்கக் கற்றுக்கொண்டவர். அவருடைய மிகப் பெரிய வெற்றிகள் இரண்டும், அதாவது 1974-ல் ஃபோர்மனும் 1975-ல் ஃபிரேசியரும், இந்த இரண்டாம் பருவத்தில் வந்தவை. எனவே உடம்பு உச்சத்தில் இருந்த காலம் வேறு, சாதனை உச்சத்தில் இருந்த காலம் வேறு. எதை வைத்துப் பேசுகிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 1967 மார்ச் அலி, 1988 ஜூன் டைசன், பதினைந்து ரவுண்டு என்றால் முதல் நான்கு ரவுண்டு அலிக்குப் பெரிய ஆபத்து. இடது ஹூக் அவரை எப்போதும் தொல்லைப்படுத்தியது. ஹென்றி கூப்பர் 1963-லும் ஃபிரேசியர் 1971-லும் அதனால்தான் அவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். டைசனின் இடது ஹூக் அந்த இருவருடையதையும்விட வேகமானது. ஆனால் ஐந்தாவது ரவுண்டைத் தாண்டிவிட்டால் சண்டை அலியுடையது.

உச்சத்தை எடைப் பிரிவோடு கட்டுங்கள். ராபர்ட்டோ டுரானைப் போல் இதை விளக்கும் ஆள் வேறு யாரும் இல்லை. 1972-ல் லைட்வெயிட் பட்டம், அதாவது 135 பவுண்டு, ஏறத்தாழ 61 கிலோ. எழுபதுகள் முழுக்க அந்த எடையில் அவருக்கு நிகர் கிடையாது. 1980 ஜூனில் மாண்ட்ரியலில் வெல்டர்வெயிட்டுக்கு ஏறி சுகர் ரே லெனார்டைத் தோற்கடித்தார். ஐந்தே மாதத்தில் மறுசண்டையில் பாதியிலேயே விலகினார். 1984-ல் தாமஸ் ஹெர்ன்ஸ் அவரை இரண்டாவது ரவுண்டில் முகம் குப்புற விழவைத்தார். அதோடு முடிந்தது என்று எழுதியவர்கள் ஏராளம். 1989 பிப்ரவரியில், 37 வயதில், மிடில்வெயிட்டில், அதே ஹெர்ன்ஸை நாக் அவுட் செய்திருந்த ஐரன் பார்க்லியைக் கீழே தள்ளி வென்றார் டுரான்.

இதில் எது உச்சம்? நான் லைட்வெயிட் டுரானைத்தான் சொல்வேன். ஹெர்ன்ஸிடம் வாங்கிய அடியைக் காட்டி லைட்வெயிட் டுரானைக் குறைத்துப் பேசுவது தவறு. ஹெர்ன்ஸ் ஆறடிக்கு மேல் உயரம். 61 கிலோவில் அவர் நிற்கவே முடியாது.

எடையை எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பழைய காலத்தில் சண்டை நாளன்று காலையில் எடை பார்ப்பார்கள். எண்பதுகளில் இது முந்தைய நாளுக்கு மாறியது. உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து எடையைக் குறைத்து, தராசில் ஏறி இறங்கிய பிறகு குடித்துச் சாப்பிட்டு, மறுநாள் வேறு ஆளாக ரிங்கில் ஏறலாம். 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ கட்டியும் ஜோயி கமாஷும் 141 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். சண்டை இரவில் கட்டி சுமார் 160 பவுண்டு, கமாஷ் சுமார் 145. இரண்டாவது ரவுண்டில் கமாஷ் விழுந்தார்; மூளையில் காயம், அதன்பின் சண்டையே இல்லை. 1940-களின் வெல்டர்வெயிட்டையும் இன்றைய வெல்டர்வெயிட்டையும் ஒரே ரிங்கில் நிறுத்தும்போது இது நினைவிருக்க வேண்டும். இருவருக்கும் தராசில் 147 பவுண்டுதான். ரிங்கில் இன்றையவர் ஐந்தாறு கிலோ கூடுதலாக நிற்கக் கூடும்.

எத்தனை ரவுண்டு என்று முடிவு செய்யுங்கள். இது சின்ன விஷயம் அல்ல. 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட் பன்னிரண்டு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னணியில் இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் ராக்கி மார்சியானோவின் வலது குத்து ஒன்று எல்லாவற்றையும் மாற்றியது. இன்றைய பன்னிரண்டு ரவுண்டு விதியில் அன்று சாம்பியன் வால்காட்தான். மார்சியானோவின் 49-0 என்ற கணக்கே இல்லை. 1981-ல் லெனார்ட், ஹெர்ன்ஸ் சண்டையும் அப்படியே. பன்னிரண்டு முடிந்தபோது ஹெர்ன்ஸ் முன்னணி. பதினான்கில் லெனார்ட் முடித்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பன்னிரண்டுதான் என்று தெரிந்திருந்தால் லெனார்ட் பத்தாவது ரவுண்டிலேயே பாய்ந்திருப்பார். விதி மாறினால் ஆட்டமும் மாறும். பழைய சண்டையைப் பன்னிரண்டில் கத்தரித்து முடிவு சொல்லிவிட முடியாது. பதினைந்து ரவுண்டு விதி ஒழிந்ததற்குக் காரணம் வேதனையானது. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அடுத்த ஆண்டிலிருந்து உலக பாக்ஸிங் கவுன்சில் பட்டச் சண்டைகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்தொடர்ந்தன. அந்தக் கடைசி மூன்று ரவுண்டைப் பற்றிப் பெருமை பேசும்போது அதன் விலையும் தெரிந்திருக்கட்டும்.

வென்றவரின் பெயருக்குப் பக்கத்தில் தோற்றவரின் வயதை எழுதுங்கள். 1951-ல் மார்சியானோ ஜோ லூயிஸை வீழ்த்தியபோது லூயிஸுக்கு 37. 1988-ல் டைசன் ஹோம்ஸை வீழ்த்தியபோது ஹோம்ஸுக்கு 38. அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு ஆண்டு சண்டையே போடவில்லை. 2009-லேயே பேச்சு தொடங்கிய மேவெதர், பாக்கியாவ் சண்டை 2015-ல்தான் நடந்தது. அப்போது ஒருவருக்கு 38, மற்றவருக்கு 36. நடந்த சண்டைதான் என்றாலும் நாம் கேட்ட சண்டை அது இல்லை. 2009-10 காலத்து இருவரையும் பற்றி இன்னும் வாதிடுவதில் முழு நியாயம் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

அவரை இவர் வென்றார், இவரை இன்னொருவர் வென்றார் என்று சங்கிலி கோக்காதீர்கள். 1971-ல் ஃபிரேசியர் அலியை வென்றார். 1973-ல் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளினார். கென் நார்ட்டன் 1973-ல் அலியை வென்றார். அந்த நார்ட்டனையும் ஃபோர்மன் 1974 மார்ச்சில் இரண்டே ரவுண்டில் முடித்தார். சங்கிலிக் கணக்குப்படி அந்த அக்டோபரில் கின்ஷாசாவில் அலி நசுங்கியிருக்க வேண்டும். எட்டாவது ரவுண்டில் விழுந்தவர் ஃபோர்மன்.

காரணம் பாணி. ஃபிரேசியர் குனிந்து, நேராக முன்னேறி வருவார். ஃபோர்மனின் அப்பர்கட்டுக்கு அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. அழுத்தம் தாங்காமல் பின்வாங்கினால் தடுமாறுவது நார்ட்டனின் பலவீனம். அலியோ கயிற்றில் சாய்ந்து, கைகளால் மறைத்து, ஃபோர்மனைக் களைக்கவிட்டார். இந்த நால்வரைப் படித்தாலே கற்பனை மோதல்களில் பாதிக்கு விடை சொல்லலாம்.

தோல்வி வந்ததும் ‘உச்சம் முடிந்துவிட்டது’ என்று குடை பிடிக்காதீர்கள். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தபோது டைசனுக்கு 23 வயதுதான். பயிற்சியாளர் கெவின் ரூனி விலக்கப்பட்டிருந்தார், தயாரிப்பு சரியில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அன்று இரவு டக்ளஸ் வீசிய ஜாப்பைப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன்தான் தாயைப் பறிகொடுத்த மனிதர், எட்டாவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, பத்தாவதில் முடித்தார். அந்த வெற்றியைப் பறித்து டைசனின் சாக்குக்குக் கொடுப்பது அநியாயம்.

எடையை அலட்சியம் செய்யாதீர்கள்; அதையே எல்லாமாகவும் ஆக்காதீர்கள். வால்காட்டோடு மோதிய இரவில் மார்சியானோ சுமார் 83 கிலோ. இன்று அது க்ரூசர்வெயிட்; அதன் வரம்பு 200 பவுண்டு, சுமார் 91 கிலோ. டைசனை வீழ்த்திய லெனாக்ஸ் லூயிஸ் 110 கிலோவுக்கு மேல், உயரம் ஆறடி ஐந்து அங்குலம். மார்சியானோவின் மன உறுதியில் எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. இருந்தும் இந்த இருவரும் மோதினால் லூயிஸைத்தான் சொல்வேன். முப்பது கிலோ வித்தியாசத்தை உறுதியால் மட்டும் கடக்க முடியாது.

ஆனால் ஒலெக்சாண்டர் உசிக்கும் இருக்கிறார். க்ரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் 2018-ல் சேர்த்துவிட்டு மேலே ஏறியவர், 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியை வென்றார். ஃப்யூரி அவரைவிட ஏறத்தாழ 17 கிலோ கூடுதல். பெரிய உடம்பை வெல்ல அவருக்கு உதவியவை கால்களும், இடது கையும், பன்னிரண்டு ரவுண்டும் குறையாத மூச்சும். ராய் ஜோன்ஸ் 2003-ல் ஹெவிவெயிட் ஜான் ரூயிஸை வென்றபோதும் இப்படித்தான் கொண்டாடினோம். ஏற்றிய தசையை இறக்கி லைட் ஹெவிவெயிட்டுக்குத் திரும்பிய ஜோன்ஸ் பழைய ஜோன்ஸாக இல்லை. அடுத்த ஆண்டே ஆன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார்.

கிடைக்கும் படச்சுருளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சுகர் ரே ராபின்சனின் உச்சம் நாற்பதுகளின் வெல்டர்வெயிட் காலம். அதில் படமாக மிஞ்சியது மிகக் குறைவு. நாம் பார்ப்பது பெரும்பாலும் முப்பதைத் தாண்டி மிடில்வெயிட்டில் ஆடிய ராபின்சனை. ஹாரி கிரெப்பின் சண்டை ஒன்றுகூடப் படமாக இன்று கிடைக்கவில்லை. ஜீன் டன்னியின் தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு தோல்விதான். அதைக் கொடுத்தவர் கிரெப். பார்க்க முடியவில்லை என்பதற்காக அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

காட்சிப் போட்டியைச் சான்றாகக் காட்டாதீர்கள். 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு ரிங்கில் இறங்கினார். அன்று மெட்ராஸ்காரர்கள் பார்த்தது ஒரு மாமனிதரை. அலியின் வேகத்தை அளக்க அது உதவாது.

கம்ப்யூட்டர் சொன்னது என்று வராதீர்கள். 1969-ல், தடையில் இருந்த அலியையும் ஓய்வு பெற்று பதின்மூன்று ஆண்டு ஆன மார்சியானோவையும் மியாமியில் ஒரு அறைக்குள் மோதுவதுபோல் நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். யார் வெல்வார் என்பது கம்ப்யூட்டரின் கணக்கு என்றார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். மார்சியானோ இரண்டையும் பார்க்கவில்லை. படம் வெளிவருவதற்கு முன் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

காலங்களைத் தாண்டிய மோதலையே பிடித்துத் தொங்காதீர்கள். ஒரே காலத்தில், ஒரே எடையில், ஒரே விதியில் இருந்தும் மோதாதவர்களைப் பற்றிப் பேசுங்கள். அங்கே ஊகத்துக்கு இடம் குறைவு, வாதத்துக்கு இடம் அதிகம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபெதர்வெயிட்டில் இரண்டு சாம்பியன்கள் இருந்தார்கள். ஒரு பெல்ட் மெக்ஸிகோவின் சால்வடோர் சான்செஸிடம், இன்னொன்று பனாமாவின் யூசேபியோ பெட்ரோசாவிடம். இருவருக்கும் 126 பவுண்டு, இருவருக்கும் பதினைந்து ரவுண்டு. சண்டை நடக்கவில்லை. 1982 ஆகஸ்டில் கார் விபத்தில் சான்செஸ் இறந்தபோது அவருக்கு வயது 23.

பெட்ரோசா நீண்ட கை, பத்தொன்பது முறை பட்டத்தைக் காத்தவர், பிடித்து நெருக்கி எதிராளியைச் சோர்வடையச் செய்வதில் கெட்டிக்காரர். பலர் அவரைத்தான் சொல்வார்கள். நான் சான்செஸைச் சொல்வேன். ரவுண்டு ஏற ஏற அவர் மூச்சு நிதானமாகும். இறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன், அஸுமா நெல்சன் என்ற இளம் சூரர் அவரைப் பதினான்கு ரவுண்டு ஓயாமல் விரட்டினார். பதினைந்தாவதில் நெல்சனை நிறுத்தியது சான்செஸின் கைகள். பெட்ரோசாவோடும் பத்தாவது ரவுண்டு வரை சமமாகப் போயிருக்கும். அதற்குப் பிறகு எதிர்க்குத்து ஒவ்வொன்றும் சான்செஸுடையதாக விழுந்து, இரண்டு அல்லது மூன்று பாயின்ட்டில் அவர் வென்றிருப்பார்.