யோசனையில் கரைந்த முதல்

எனது மூத்த மருமகன் கட்டாரில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பினார். கையில் இருபது இலட்சம் ரூபா இருந்தது. மிளகாய், மல்லி அரைக்கும் மில் ஒன்று போடுவதென்று எண்ணம். நல்ல எண்ணம்தான். பலசரக்குக் கடை நடத்துபவன் என்ற வகையில் நானும் உற்சாகப்படுத்தினேன்.

ஆனால் நடந்தது என்ன? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினார். இயந்திர விலை, கரண்ட் பில், கூலி எல்லாம் எழுதினார். ஒரு வாரம் கணக்கு இலாபம் காட்டியது. மறு வாரம் நட்டம் காட்டியது. இஸ்திகாராவும் தொழுதார். "கனவு ஒன்றும் வரல்லையே மாமா" என்றார். கனவு வரவேண்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லையென பள்ளி மௌலவி விளக்கிய பிறகு, "நாட்டு நிலைமை கொஞ்சம் சீராகட்டும்" என்றார்.

சீராகவில்லை. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கி, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. டொலர் கணக்கில் பத்தாயிரமாக இருந்த அவருடைய பணம் ஐயாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கியது. இந்திய இயந்திரம் எட்டாத விலைக்குப் போனது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். காசு வங்கியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு சதம் களவு போகவில்லை. ஆனால் அதன் பெறுமதியில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

மில் போட்டிருந்தாலும் 13 மணிநேர மின்வெட்டில் அவர் திண்டாடியிருப்பார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இயந்திரமாவது மிஞ்சியிருக்கும்.

மருமகனைக் குறை சொல்ல எனக்கும் அருகதை இல்லை. 1998இல் எனது பக்கத்துக் கடை வாடகைக்கு வந்தது. நான்கு மாதம் யோசித்தேன். வேறொருவர் வந்து பெயர்ப்பலகை மாட்டினார். யோசனை என்று நாம் பெயர் வைத்திருப்பது அநேகமாகப் பயம்தான். கணக்குப் பார்த்துப் பயத்தைப் போக்க முடியாது.

2023 ஆரம்பத்தில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மகன், மில்லை மறந்திடுங்க. பத்துக் கிலோ மிளகாய் வாங்கி, ஊர் மில்லில அரைச்சு, நூறு கிராம் பக்கெட் போட்டு நாலு கடைக்குக் குடுத்துப் பாருங்க. முப்பதாயிரத்துக்கு மேல போகவேணாம். அது போனாலும் போகட்டும். வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்தி பக்கெட் என்ட கடைக்கு வரணும்."

வந்தது. நாள் குறித்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

ஆறு வாரத்தில், கொப்பியில் இல்லாத பல விடயங்கள் தெரியவந்தன. சரக்கு விற்ற பிறகுதான் கடைக்காரர் காசு தருவார் (நானும் அப்படித்தான்!). சரியாகக் காயாத மிளகாயை அரைத்தால் தூள் கட்டிபடும். எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி இல்லாத பக்கெட்டைப் பெரிய கடைகள் தொடமாட்டா; பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கேட்பார். எல்லாவற்றையும் விட முக்கியமானது, மிளகாய்த்தூளுக்குப் போட்டி அதிகம். ஆனால் கலியாண வீட்டுச் சமையல்காரர்கள் வறுத்த கறித்தூளைக் கிலோக்கணக்கில், கைக்காசுக்குக் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இன்னும் இரண்டு வருடம் எழுதியிருந்தாலும் இது தெரிந்திராது.

எல்லாவற்றிலும் அவசரப்படச் சொல்லவில்லை. வீட்டு உறுதியை ஈடு வைப்பது, பின்திகதியிட்ட காசோலை கொடுப்பது, பங்காளி சேர்ப்பது போன்றவை இலேசில் திரும்பி வரமுடியாத காரியங்கள். இவற்றுக்கு மாதக்கணக்கில் யோசியுங்கள், மஷூரா செய்யுங்கள், எழுத்தில் போடுங்கள். நாலு பக்கெட் விற்றுப் பார்ப்பதற்கு ஒரு பின்னேரம் யோசித்தால் போதும். நம்மில் பலர் தலைகீழாகத்தான் செய்கிறோம். ஒரு பிளேன்டீ குடித்து முடிவதற்குள் பங்காளியைச் சேர்த்துவிட்டு, பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் அடிப்பதென்று ஒரு மாதம் யோசிக்கிறோம்.

மருமகன் இப்போது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கிறார். மில் இன்னும் வாங்கவில்லை. கூலி கொடுத்தே அரைக்கிறார். அந்தக் கொப்பியும் இருக்கிறது. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று அதில்தான் எழுதி வைக்கிறார்.