இ-சிகரெட்: பழக்கமா, பிடிமானமா? வீட்டிலேயே அளந்து பார்க்கப் பத்துக் கேள்விகள்

"சும்மா ஃப்ளேவர்தாங்க, புகையே இல்ல." இ-சிகரெட் பற்றிக் கேட்டால் பல இளைஞர்கள் சொல்லும் பதில் இது. பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: "நீ அதை இழுக்கறியா, இல்லையா?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் 'ஆமா', 'இல்ல' இரண்டை வைத்தும் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய முடியாது. ஒருமுறை நண்பனிடம் வாங்கி இழுத்துப் பார்த்தவரும் 'ஆமா'தான். காலையில் கண் விழித்ததும் தலையணைக்கு அடியில் தேடுபவரும் 'ஆமா'தான்.

இந்த இருவரையும் பிரித்துக் காட்டும் அளவுகோல்கள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்து அளக்கிறார்கள்: மனப்பான்மை, எதிர்பார்ப்பு, சார்பு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நிரந்தரச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். ஆன்லைன் விற்பனையும் இதில் அடங்கும். முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிக்கோட்டின் இல்லாத கருவிக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே இன்ஸ்டாகிராமில் 'ஒரிஜினல், ஹோம் டெலிவரி' என்று வரும் விளம்பரம் எதுவானாலும் அது சட்டவிரோதம்தான்.

அளவு 1: மனப்பான்மை

ஒரு பொருளை ஒருவர் நல்லதாக நினைக்கிறாரா, கெட்டதாக நினைக்கிறாரா என்பதே மனப்பான்மை. இதை அளக்க, 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிய முறையைக் கொடுத்தார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, 'முழுக்க ஒத்துக்கிறேன்' முதல் 'சுத்தமா ஒத்துக்கல' வரை ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. இன்று ஆப்களில் நாம் நிரப்பும் கருத்துக் கேட்புப் படிவங்கள் பலவும் இதன் வழிவந்தவையே.

உதாரணத்துக்குச் சில வாக்கியங்கள்:
• இ-சிகரெட் சாதா சிகரெட்டை விட நாகரிகமானது.
• என் வயசுக்காரங்க நிறைய பேர் இதைப் பயன்படுத்துறாங்க.
• இதை இழுப்பவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது வாக்கியம் எதிர்த் திசையில் இருப்பதைக் கவனியுங்கள். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'ஆமா' போடுபவரைக் கண்டுபிடிக்க இப்படி ஓரிரண்டைக் கலந்து வைப்பார்கள். மனப்பான்மை மட்டும் சாய்ந்திருக்கிறது, இன்னும் தொடவில்லை என்றால் அங்கே தேவை சிகிச்சை அல்ல, சரியான தகவல்.

அளவு 2: எதிர்பார்ப்பு

'இதை இழுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?' என்று மனசுக்குள் இருக்கும் கணக்குதான் எதிர்பார்ப்பு. புகைப்பழக்கத்துக்காக 1991-ல் பிராண்டன், பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கேள்வித்தாள் இந்தக் கணக்கை நான்காகப் பிரித்தது: உடம்புக்கு வரும் கேடு, ருசியும் சுகமும், டென்ஷன் குறைவது, பசியும் எடையும் குறைவது. இ-சிகரெட்டுக்கு வந்த பிற்காலக் கேள்வித்தாள்கள் பல இதன் அடியொற்றியவை.

இது ஏன் முக்கியம்? 'டென்ஷன் குறையும்' என்று எதிர்பார்க்கும் பரீட்சைக்காலப் பையனிடம் 'நுரையீரல் கெடும்' என்று பேசினால் அது அவன் காதில் ஏறாது. அவன் கணக்கில் நுரையீரலே இல்லை. அவனிடம் பேச வேண்டியது டென்ஷனைப் பற்றி. நிக்கோட்டின் குறையும்போது வரும் எரிச்சலையும் படபடப்பையும் அடுத்த இழுப்பு தணிக்கிறது. அதைத்தான் அவன் 'ரிலாக்ஸ்' என்று எடுத்துக்கொள்கிறான். இதை விளக்கினால் கேட்பான்.

அளவு 3: சார்பு

சார்பு என்பது, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாத நிலை. சிகரெட்டுக்கு உலகெங்கும் பயன்படுவது 1991-ல் வந்த ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை. அதில் ஆறு கேள்விகள், 10 மதிப்பெண். 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்பது அதில் ஒரு முக்கியக் கேள்வி. ஆனால் இ-சிகரெட்டில் எண்ண முடியாதே! சிகரெட் எரிந்து முடிந்துவிடும், துண்டு மிஞ்சும். இந்தக் கருவிக்கு முடிவு கிடையாது. அஞ்சு இழுப்பு, பையில போடு, மறுபடி எடு என்று போய்க்கொண்டே இருக்கும். மேலும், 5 சதவீத நிக்கோட்டின் உள்ள திரவம் என்றால் 1 மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். 'கொஞ்சம்தான்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

அதனால் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் தனி அளவுகோல் வெளியிட்டார்கள். சுமார் 15 இழுப்பு, அல்லது சுமார் 10 நிமிடம் நீடிப்பதை 'ஒரு தடவை' என்று அதில் வைத்துக்கொண்டார்கள். அதன் சாரம் இங்கே, நம் வார்த்தைகளில்:

1. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? 0–4: 0, 5–9: 1, 10–14: 2, 15–19: 3, 20–29: 4, 30-க்கு மேல்: 5
2. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தடவை? 5-க்குள்: 5, 6–15: 4, 16–30: 3, 31–60: 2, 61–120: 1, அதற்குப் பிறகு: 0
3. ராத்திரி தூக்கத்தில் எழுந்து இழுப்பது உண்டா? ஆம்: 1
4. உண்டு என்றால் வாரத்தில் எத்தனை இரவு? 0–1: 0, 2–3: 1, 4-க்கு மேல்: 2
5. விட முடியாமல்தான் தொடர்கிறீர்களா? ஆம்: 1
6. கடுமையான தவிப்பு வருவது உண்டா? ஆம்: 1
7. போன வாரம் அந்த உந்துதல் எவ்வளவு? இல்லை அல்லது லேசு: 0, நடுத்தரம் அல்லது பலம்: 1, மிகப் பலம்: 2
8. கூடாத இடத்தில் அடக்கிக்கொள்வது கஷ்டமா? ஆம்: 1
9. கிடைக்காதபோது எரிச்சல் வருமா? ஆம்: 1
10. கிடைக்காதபோது படபடப்பு, நிலைகொள்ளாமை வருமா? ஆம்: 1

மொத்தம் 20. மதிப்பெண் 0–3 என்றால் சார்பு இல்லை, 4–8 குறைவு, 9–12 நடுத்தரம், 13-க்கு மேல் அதிகம்.

ஒரு மாதிரிக் கணக்கு

சூரமங்கலத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 தடவை (1). எழுந்து 20 நிமிடத்தில் முதல் இழுப்பு (3). ராத்திரி எழுவதில்லை (0, 0). விட முடியவில்லை (1). தவிப்பு உண்டு (1). உந்துதல் பலம் (1). சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் சென்னை போய்ச் சேரும் ஐந்து மணி நேரம் அடக்குவது பெரும்பாடு (1). எரிச்சல் வரும் (1). படபடப்பு இல்லை (0). மொத்தம் 9. நடுத்தரச் சார்பு. "நான் நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்று அவர் சொல்லலாம். இந்த 9 வேறு சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. இது நோயைத் தீர்மானிக்கும் பரிசோதனை அல்ல. பெரியவர்களை வைத்து உருவானது. வளரிளம் பருவத்தினருக்கு மதிப்பெண் குறைவு என்பதால் நிம்மதி கொள்ள வேண்டாம். அவர்களுக்கான 'ஹுக்டு ஆன் நிக்கோட்டின்' என்ற வேறொரு பட்டியலில், பத்தில் ஒரே ஒரு கேள்விக்கு 'ஆமா' வந்தாலே பிடி இறுகத் தொடங்கிவிட்டது என்று கொள்கிறார்கள்.

எண்களைப் படிக்கும்போது

2016-17-ல் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் இ-சிகரெட் பயன்படுத்துவோர் 0.02 சதவீதம். 2019-ல் பள்ளிகளில் நடந்த ஆய்வில், 13–15 வயது மாணவர்களில் ஒருமுறையேனும் இழுத்துப் பார்த்தவர்கள் 2.8 சதவீதம். 'நூறு மடங்குக்கு மேல் ஆயிடுச்சு' என்று வாட்ஸ்ஆப்பில் பரப்பிவிடாதீர்கள். வயது வேறு, கேள்வி வேறு. முன்னது 'இப்போது பயன்படுத்துகிறாயா', பின்னது 'எப்போதாவது இழுத்தாயா'.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பழக்கம்' என்ற ஒரே சொல் அறிமுகம், வழக்கம், அடிமைத்தனம் மூன்றுக்கும் நிற்கிறது. "பழக்கம் இருக்கா?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் பதில் வரும். அதனால்தான் மேலே உள்ள கேள்விகள் நிமிடத்தையும் எண்ணிக்கையையும் கேட்கின்றன.

தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் பயத்தில் பொய் சொல்வதும் இயல்பு. பள்ளி ஆய்வுகளில் மாணவர் பெயர் எழுதாமல் தாமே விடைத்தாளை நிரப்புவது இதற்காகவே. வீட்டுக்கும் இதே விதிதான். பெற்றோர் பக்கத்தில் நின்று கேட்டால் 0 வரும். கேள்விகளை மகனிடமோ மகளிடமோ கொடுத்து, "நீயே போட்டுப் பாரு, எனக்குக் காட்ட வேண்டாம். 4-க்கு மேல வந்தா சொல்லு, சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லுங்கள். உண்மை வெளிவர இதுவே நல்ல வழி.

மதிப்பெண் வந்த பிறகு

• 0–3: எதிர்பார்ப்பு என்ன என்று பேசுங்கள். கருவி வீட்டில் இருக்க வேண்டாம்.
• 4–8: நிறுத்தும் தேதி ஒன்றைக் குறியுங்கள். முதல் இழுப்பைக் காலையில் தள்ளிப்போடப் பழகுங்கள். தவிப்பு சில நிமிடங்களில் தணியும். அந்த நேரத்துக்குத் தண்ணீர், நடை, ஒரு போன் பேச்சு போதும்.
• 9-க்கு மேல்: தனியாகப் போராட வேண்டாம். ஆலோசனையும், மருத்துவர் சொன்னால் மருந்தும் உதவும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.

கைப்பேசியில் சேமித்து வைக்க

• தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்: 1800-11-2356 (கட்டணமில்லை)
• தமிழ்நாடு மருத்துவ உதவி: 104
• டெலிமனஸ் மனநல ஆலோசனை: 14416
• விற்பனை பற்றிப் புகார்: அருகில் உள்ள காவல் நிலையம் அல்லது 112

மூன்று மாதம் கழித்து அதே பத்துக் கேள்விகளை மறுபடி போட்டுப் பாருங்கள். 9 என்பது 6 ஆகியிருந்தால், இன்னும் முழுசாக விடவில்லை என்றாலும், போகும் திசை சரிதான்.