வேறு பட்டம் பெற்றவர் மருத்துவத் தாதியாக வழி என்ன?



சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் கடை வைத்திருக்கும் நம்மவர், தாம் படியாத படிப்பைப் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தார்கள். அதன் பலனாக வணிகப் பட்டமும் கணினிப் பட்டமும் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் பட்டத்துக்குத் தக்க உத்தியோகம் கிட்டாமல் சில பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலருக்கு நோயாளிகளைக் கவனிக்கும் தொழிலில் நாட்டம் பிறக்கிறது. அப்போது தரகர் வருகிறார். "அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஓர் உத்தியோகம் உண்டு. எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், ஓர் ஆண்டில் முடித்துவிடலாம்" என்கிறார். பெற்றோர் நகையையும் கடைமுதலையும் எடுக்கத் துணிகிறார்கள்.

அந்த முதலில் கை வைக்குமுன் அறிய வேண்டியவற்றை இங்கே பாடமாக வகுத்துத் தருகிறேன். மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டவன்தான் நான். ஆயினும் சரக்கின் தரத்தை விசாரித்து அறிவது நம் தொழில் அல்லவா?

1. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் யார்?

சாதாரணத் தாதி டாக்டர் எழுதியபடி சிகிச்சை அளிப்பவர். நர்ஸ் பிராக்டிஷனரோ மேற்படிப்புப் படித்த தாதி. நோயாளியைத் தாமே பரிசோதித்து, நோய் இன்னதென்று கண்டு, மருந்தும் எழுதித் தருவார். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்னும் தாதியும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து இப்பயிற்சியைத் தொடங்கினார்கள். பட்டிக்காட்டுக் குழந்தைகளைப் பார்க்கப் போதிய டாக்டர்கள் இல்லாமையே காரணம். ஃபோர்ட் அம்மையார் 2025-ல் தமது 104-ஆம் வயதில் காலமானார். இன்று அந்நாட்டில் இவ்வுத்தியோகத்தினர் 3 இலட்சத்துக்கும் மேல் உள்ளனர்.

நம் தோட்டப்புறங்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. பீடோங், பாடாங் சிராய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காய்ச்சல் கண்டால் ஜனங்கள் முதலில் போய் நின்றது தோட்டத்து டிரஸ்ஸர் ஐயாவிடம்தான். டாக்டர் என்றோ ஒரு நாள் வந்து போவார். டிரஸ்ஸரோ அன்றாடம் இருந்து பார்த்தவர். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் ஆண்டும் 1965 தான். டாக்டர் போதாத குறை அங்கும் இங்கும் ஒன்றாக இருந்ததால் பிறந்த உத்தியோகங்கள் இவை.

2. பட்டதாரி ஏறவேண்டிய படிகள்

தரகர் சொல்லுவதில் ஒரு பாதி உண்மை. வேறு பட்டம் பெற்றவரை அமெரிக்கத் தாதியர் கல்லூரிகள் சேர்த்துக்கொள்வது மெய்யே. செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-ல் பட்டதாரிகளுக்கென்று விரைவுத் தாதிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1974-ல் யேல் பல்கலைக்கழகம், தாதிப் படிப்பே படியாத பட்டதாரிகளை நேரே மூன்றாண்டு முதுகலை வகுப்பில் சேர்க்க ஆரம்பித்தது. மறுபாதியைத்தான் தரகர் சொல்வதில்லை. அது வருமாறு:

முதற்படி: உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல் ஆகிய பாடங்களில் தேர்ச்சி வேண்டும். இரசாயனமும் புள்ளியியலும் கேட்கும் கல்லூரிகள் பல. வணிகம் படித்தவருக்கு இதற்கே ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்.

இரண்டாம் படி: விரைவுத் தாதிப் பட்டம். 11 முதல் 18 மாதம் வரை ஆகும். வகுப்பும் உண்டு, வார்டு வேலையும் உண்டு; இடையே வேறு வேலை பார்க்க நேரம் இராது.

மூன்றாம் படி: என்கிளெக்ஸ் என்னும் உரிமப் பரீட்சை. இதில் தேறிப் பதிவு பெற்றாலன்றித் தாதி என்ற பெயரே கிடையாது.

நான்காம் படி: முதுகலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு. முதுகலைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள். 2022-ல் வகுத்த விதிப்படி இதில் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரில் பார்த்துப் பழக வேண்டும்.

ஐந்தாம் படி: துறைச் சான்றிதழ்ப் பரீட்சை, அதன்பின் மாநில உரிமம். சில மாநிலங்களில் தாமாகவே வைத்தியம் பார்க்கலாம். வேறு சிலவற்றில் டாக்டருடன் ஒப்பந்தம் இருந்தே தீரவேண்டும்.

யேல் போன்ற நேர்வழியில் சேர்ந்தாலும் இவ்வரிசை மாறுவதில்லை. தாதிப் பாடத்தை முதலில் முடித்து, பரீட்சை எழுதி, பிறகே மேற்பாடத்துக்குப் போகவேண்டும். ஆகக் கூட்டினால் நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று கணக்கு வருகிறது. குறிப்பேடு எழுதாமல் பேரேடு எழுத முடியுமா? முதலில் தாதி, பிறகே மருத்துவத் தாதி. இந்த வரிசையைப் பணம் கொடுத்து மாற்ற இயலாது.

3. பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுத் தாதி முதுகலைப் படிப்பு உண்டு. ஆனால் நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு, பதிவு பெற்றபின் உயர்நிலைப் பணியில் 5,000 மணி அனுபவமும், அதற்கான தனி முதுகலையும் வேண்டும். சிங்கப்பூரில் வேறு தொழிலிலிருந்து தாதித் தொழிலுக்கு மாறுவோருக்குச் சம்பளத்துடன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அது அந்நாட்டுக் குடிகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. இந்தியாவில் தீவிர சிகிச்சைத் துறையில் இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்திருக்கிறது. அதில் சேர பி.எஸ்ஸி. தாதிப் பட்டமே வேண்டும். வேறு பட்டம் செல்லாது.

4. நம் நாட்டில்

மலேசியாவில் தாதித் தொழிலை 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமும், தாதியர் வாரியமும் ஆளுகின்றன. டிப்ளோமா மூன்றாண்டு, பட்டப் படிப்பு நான்காண்டு. டிப்ளோமா வகுப்பில் சேர்க்கும்போது அவர்கள் முதலில் பார்ப்பது எஸ்.பி.எம். பரீட்சையில் மலாய், கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களின் தேர்ச்சியையே. ஆகவே பட்டச் சுருளைத் தேடுமுன் எஸ்.பி.எம். சான்றிதழைத் தேடி எடுங்கள். தாதியாகிப் பதிவு பெற்றபின் சிறுநீரகம், தீவிர சிகிச்சை முதலிய துறைகளில் மேற்பயிற்சி பெற்று உயரலாம்.

பழைய டிரஸ்ஸர் வேலைக்கு வாரிசாக இன்று இருப்பவர் மருத்துவ உதவி அதிகாரி. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்று, அரசாங்கக் கிளினிக்குகளிலும் அவசரப் பிரிவிலும் நோயாளிகளைப் பார்க்கிறார். இதற்கும் மூன்றாண்டு டிப்ளோமா. சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் விதியை நேரில் கேட்டறிய வேண்டும்.

5. பெண்மக்கள் பற்றி ஒரு சொல்

நம் வீட்டுப் பெண்ணுக்கு இத்தொழில் தகுமா என்று தயங்குவோர் உளர். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் அம்பு பாய்ந்து காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

6. தரகரிடம் கேட்க வேண்டியவை

அ. இப்படிப்பு முடிந்தால் எந்த நாட்டின் எந்த வாரியத்தில் பதிவு கிடைக்கும்? நம் நாட்டு வாரியமும் எம்.கியூ.ஏ. அமைப்பும் இதை ஏற்கின்றனவா?

ஆ. முன்பாடங்களுக்கான காலமும் செலவும் சொன்ன தொகையில் அடங்குமா?

இ. உரிமப் பரீட்சையில் தவறினால் என்ன செய்வது?

ஈ. படிப்பதற்கான விசா வேறு, வேலை செய்யும் உரிமை வேறு. இரண்டாவது உரிமைக்கு யார் பொறுப்பு?

உ. கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் விதி எழுத்தில் உண்டா?

இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் ஒரு காசும் கொடுக்கலாகாது. கடனுக்குச் சரக்கு வாங்கும்போதே ரசீது கேட்கும் நாம், பிள்ளையின் ஐந்தாண்டு வாழ்வுக்கு ரசீது கேட்காமல் விடலாமா?

வேறு பட்டம் படித்தது வீணன்று. கணக்கும் மொழியும் பழகிய பிள்ளைக்கு மருத்துவப் பாடம் பிடிபடும். ஆனால் அந்தப் பட்டம் வாசலைத் திறக்குமே தவிர, படிகளைக் குறைக்காது. ஐந்தாண்டு முதலும் பொறுமையும் உள்ளவர் இன்ஷா அல்லாஹ் வெளிநாடு போகட்டும். இல்லாதவர் உள்ளூரிலேயே தாதியாகப் பதிவு பெற்று, சம்பாதித்துக்கொண்டே மேற்படி ஏறட்டும். எதுவாயினும் பிள்ளையையும் அருகில் உட்காரவைத்து, இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே நகைப் பெட்டியைத் திறவுங்கள்.